தீர்த்தத்துக்கு ரா, மேடை வரிசைக்கு ஜேபெக்

அறுபதாம் கல்யாணம் போன்ற விசேஷங்களுக்குப் படம் எடுக்கச் சொல்லி என்னிடம் முன்பணம் கொடுக்க வருகிறவர்களில் பலர் இப்போது தேதியையும் தொகையையும் பேசி முடித்த கையோடு ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "ராவில்தானே எடுப்பீர்கள்?" கேட்பவர் பெரும்பாலும் மகனாக இருப்பார், இல்லையென்றால் மருமகன். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை. கையில் நல்ல கேமராவும் இருக்கும். ரா என்பது கேமரா பதிந்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் கோப்பு; ஜேபெக் என்பது கேமராவே படமாக முடித்துச் சுருக்கித் தருகிற வழக்கமான கோப்பு. "சடங்கு முழுவதும் ரா, விருந்தினர் மேடையேறி நிற்கிற மேடை வரிசை ஜேபெக்" என்று நான் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிடும். பாதி வேலையை மட்டமாகச் செய்யப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார் போலிருக்கிறது. ரசீது எழுதிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருப்பதை விட ஒரேயடியாக இங்கே எழுதிவிடுவது மேல்.

எனக்கு ஸ்டுடியோ மயிலாடுதுறையில். பிழைப்பில் பெரும்பகுதி திருக்கடையூரில். எமனை உதைத்த சுவாமி என்பதால் அறுபது, எழுபது, எண்பது நிறைந்தவர்கள் ஆயுள் வேண்டி வருடம் முழுக்க அங்கே வந்துகொண்டிருப்பார்கள். நல்ல நாளென்றால் ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இந்தக் குடும்பத்து ஓமப்புகை அந்தக் குடும்பத்துப் படத்தில் விழும். ஒரு பக்கம் திறந்த வெளியின் வெயில். மறுபக்கம் பகலிலேயே விளக்குப் போட வேண்டிய கல் மண்டபத்து இருட்டு. தரை மட்டத்தில் ஓமகுண்டத்து நெருப்பு, தலைக்கு மேலே ட்யூப்லைட், அடுத்த குடும்பத்தின் வீடியோக்காரர் தூக்கிப் பிடித்திருக்கும் எல்இடி. வெயிலையும் சேர்த்தால் நான்கு வெளிச்சம், நான்கு நிறம். இதற்கு நடுவில்தான் நான் நிற்கிறேன்.

ஓமம் முடிந்ததும் தம்பதியை உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, கலசத் தீர்த்தத்தை ஊற்றுவார்கள். மகன், மகள், சம்பந்தி, பேரன் என்று ஒவ்வொருவராக வந்து ஊற்றுவார்கள். முதல் குடம் விழும்போது பெரியவர் தோளைக் குறுக்கிக்கொள்வார். அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு முதல் குடத்துக்குத்தான் வரும். இரண்டாவது குடத்துக்குள் உடம்பு பழகிவிடும், முகமும் பழைய நிலைக்கு வந்துவிடும். சாஸ்திரிகளிடம் போய் "இன்னொரு முறை ஊற்றுங்கள்" என்று கேட்க முடியாது.

அந்த ஒரு நொடியில் கேமராவின் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெயிலில் கறுத்த முகம், நரைத்த தலை, வெள்ளை வேட்டி, வேட்டியின் மேல் ஈரம், ஈரத்தின் மேல் வெயில். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வேட்டி வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். வேட்டியைக் காப்பாற்றினால் முகம் மண்டபத்து இருட்டோடு போய்ச் சேரும். தண்ணீர்த் துளிகளோ இரண்டுக்கும் மேலே நிற்கும். இங்கே நான் ராவைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. ஆனால் அதற்கான காரணம், அந்த மருமகன் நினைக்கிற காரணம் இல்லை.

அவர் நினைப்பது இதுதான்: ஜேபெக் படத்தை அழுத்திச் சுருக்குகிறது, சுருக்கினால் தரம் போய்விடும், ரா சுருக்காது, ஆகவே ராதான் தரம். இதில் முதல் பாதி உண்மை. ஆனால் என் வேலையில் எனக்கு நஷ்டம் வருவது அந்தச் சுருக்கத்தால் இல்லவே இல்லை.

கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதிகிற சில்லான சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு வடிகட்டியை வைத்திருக்கிறார்கள். நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் வகுத்த ஏற்பாடு இது; 1976இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்கள் இதே சட்டகத்தில்தான் ஓடுகின்றன. இந்த அளவுகளை அப்படியே எழுதி வைத்தால் அது ரா. என் கேமராவில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 14 பிட், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 16,384 படிகள். அதைப் படமாக்க வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து சில முடிவுகள் எடுத்தாக வேண்டும்: எது வெள்ளை, எவ்வளவு கான்ட்ராஸ்ட், சிவப்பை எவ்வளவு தூக்குவது, எவ்வளவு கூர்மை, புள்ளிகளை எவ்வளவு துடைப்பது. ஜேபெக்கில் இந்த முடிவுகளையெல்லாம் கேமராவே கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துவிட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளில் அடக்கி, மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். சுருக்கும் வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. வேட்டியின் மடிப்பு போனது சுருக்கும்போது இல்லை, அதற்கு முந்தைய கட்டத்தில்.

பழி மட்டும் பாவம் ஜேபெக்கின் கணக்கின் மேல் விழுகிறது. அந்தக் கணக்கின் கதை இந்தியர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்பது என் கட்சி. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1972இல் இந்த யோசனைக்கு ஆராய்ச்சிப் பணம் கேட்டு விண்ணப்பித்தார்; கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. மாணவர் டி. நடராஜனோடும் நண்பர் கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974இல் கட்டுரையாக வெளியிட்டார். ராவ் நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1992இல் ஜேபெக் தரமாக வெளிவந்தபோது அதன் நடு முதுகெலும்பு இவர்களுடைய கணக்குதான். இன்று உலகத்தில் யார் எந்தப் படத்தை அனுப்பினாலும் அநேகமாக இந்த மூவரின் கை அதில் பட்டிருக்கும்.

அது செய்கிற வேலை எளிது. முதலில் படத்தை வெளிச்சம் தனி, நிறம் தனி என்று பிரிக்கும். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வித்தியாசத்தில் அவ்வளவு கறார் இல்லை. ஆகவே நிறத்தின் விவரத்தைப் பெரும்பாலும் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்துவிடலாம். பிறகு எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறுவது எவ்வளவு, சட்டென்று மாறுவது எவ்வளவு என்று 64 எண்களாக எழுதும். கடைசியில் அந்த எண்களை, மளிகைக் கடைக்காரர் சில்லறைப் பைசாவை விட்டுவிட்டு ரூபாயை மட்டும் எழுதுவது போல, முழுதாக்கிவிடும். சட்டென்று மாறுகிற நுணுக்கங்களின் எண்கள் ஏற்கெனவே சிறியவை என்பதால் பல பூஜ்யமாகிவிடும். பூஜ்யங்களை எழுத இடம் தேவையில்லை. 24 மெகாபிக்சல் படம் சுருக்காமல் இருந்தால் 72 எம்பி. என் கேமராவின் உயர்தர ஜேபெக்கில் அதுவே 10 எம்பியை ஒட்டி வந்து நிற்கிறது.

இந்த ஏழில் ஒரு பங்கில் என்ன போயிற்று என்று கண்டுபிடிக்க நான் மல்லிகைச் சரத்தைப் பார்ப்பேன். கறுத்த கூந்தலின் மேல் வெள்ளை மொட்டுகள், நடுவே நாரும் பச்சைக் காம்பும். ஜேபெக்குக்குக் கடினமான பரீட்சை அது. படத்தைத் திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கினால் மொட்டின் ஓரத்தில் லேசாகக் கொசு மொய்த்த மாதிரி ஒரு கலக்கம் தெரியும். உயர்தர ஜேபெக்கில் அவ்வளவுதான். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல ஆல்பம் பக்கத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு, எது ராவிலிருந்து வந்தது, எது நேர் ஜேபெக் என்று கேட்டால் நானே தடுமாறுவேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி, அது இன்னொருவருக்குப் போய், அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை நமக்கே திருப்பி அனுப்பும்போதுதான் மல்லிகை மாவாகிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜேபெக் என்றாலே மட்டம் என்கிற எண்ணம் ஊரில் பரவிவிட்டது.

சரி, சுருக்கம் குற்றவாளி இல்லையென்றால் சடங்குக்கு ஏன் ரா? நிறத்துக்காகத்தான். குறிப்பாக இரண்டு நிறங்களுக்காக.

ஒன்று அரக்கு. கூறைநாடு எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறது, புடவையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரக்குப் பட்டின் மேல் வெயில் பட்டால் ஜேபெக்கில் சிவப்பு எண் உச்சமான 255ஐத் தொட்டுவிடும். பச்சையும் நீலமும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். மடிப்பு, நெசவு, உடல் கட்டம் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். கேமராவின் திரையில் சாதாரண ஹிஸ்டோகிராமை, அதாவது எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும், ஏனென்றால் அந்த வரைபடம் மூன்று நிறங்களையும் கலந்து சொல்கிறது. மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தை வைத்தால்தான் சிவப்பு மட்டும் சுவரில் மோதிக்கொண்டு நிற்பது தெரியும். இதில் கவனிக்க வேண்டியது, சென்சார் பெரும்பாலும் நிரம்பியிருக்காது. ஜேபெக்கின் நிற எல்லைக்குள் அந்த அரக்கு அடங்கவில்லை, அவ்வளவுதான். ராவை எடுத்துச் சிவப்பின் அடர்த்தியைக் கொஞ்சம் தணித்தால் மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

இரண்டாவது மஞ்சள். அறுபதாம் கல்யாணத்தில் திரும்பவும் மாங்கல்யதாரணம் உண்டு. புது மஞ்சள் கயிறு, ஈரம் காயாதது. நெருங்கிப் போய் எடுத்தால் கயிற்றின் முறுக்கு, முறுக்கின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தூள், பெரியவரின் விரல் நகத்தில் ஏறிய மஞ்சள் எல்லாம் தெரிய வேண்டும். "விவிட்" என்று கேமராவில் ஒரு பாணி இருக்கிறதே, அதில் ஜேபெக் எடுத்துப் பாருங்கள். நீல எண் பூஜ்யத்தில் விழுந்து கயிறு பிளாஸ்டிக் ஒயர் மாதிரி வந்து நிற்கும். நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற பாணிகளைப் பெரும்பாலும் இயற்கைக் காட்சி எடுக்கிறவர்களுக்காகச் செய்திருக்கிறார்கள். மஞ்சள் கயிறு அவர்கள் யோசனையில் வந்திருக்காது.

வெள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படத்தில் எது வெள்ளை என்று முடிவுசெய்து மற்ற நிறங்களைச் சரிக்கட்டுவதைத்தான் ஒயிட் பேலன்ஸ் என்பார்கள். எங்கள் கடையில் எடிட்டிங் பார்க்கும் தம்பி சேர்ந்த புதிதில், "அக்கா, ஒயிட் பேலன்ஸுக்கு என்ன கவலை, வேட்டியின் மேல் ஒரு கிளிக் போதும்" என்பான். வேட்டி வெள்ளையே இல்லை என்று அவனுக்கு அப்போது தெரியாது. நூல் வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருப்பார்கள். அதை வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால் நீலத்தைக் கழிக்கிறேன் என்று படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். பட்டு வேட்டியோ சந்தன நிறம். அதைக் கிளிக் செய்தால் பெரியவருக்குக் குளிர் ஜுரம் வந்த மாதிரி முகம் நீலம் பாரிக்கும். சாம்பல் அட்டை ஒன்றை முதல் படத்தில் பிடித்துக் காட்டுவதுதான் ஒழுங்கான வழி, ஓமகுண்டத்தைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நெருக்கியடிக்கும்போது அது முடிகிறதோ இல்லையோ. வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற கெல்வின் கணக்கில் ஓமத்தீ சுமார் 1,900, பகல் வெயில் 5,500 சுற்றி. இரண்டும் ஒரே முகத்தின் இரண்டு கன்னத்திலும் விழுகின்றன. ஜேபெக் எடுத்தால் கேமரா ஏதோ ஒரு நடுக்கணக்கைப் போட்டுப் படத்தோடு சேர்த்துச் சுட்டுவிடும். ராவில் அந்த எண் ஒரு குறிப்பு மட்டுமே. நிதானமாக, முகத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

வெளிச்சத்தின் உச்சியிலும் ரா கொஞ்சம் இடம் விட்டுவைக்கும். ஜேபெக்கில் வெளுத்துப் போன ஈர வேட்டியை ராவில் பெரும்பாலும் ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது வெளிச்சத்தில் இரண்டு மடங்கு வரை, மீட்டுவிடலாம். இதை வைத்துக்கொண்டு சிலர் ஒரு விபரீதமான பாடம் நடத்துகிறார்கள்: ராதானே, எப்படி வேண்டுமானாலும் எடு, அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். சென்சாரின் பிக்சல் நிரம்பி வழிந்துவிட்டால் ராவிலும் ஒன்றும் இல்லை. நிழலைத் தூக்கலாம், ஆனால் புள்ளி புள்ளியாக இரைச்சலும் கூடவே எழும்பும். இன்னொரு பொறி: நீங்கள் ராவில் எடுத்தாலும் கேமராத் திரையில் தெரிகிற படமும், ஹிஸ்டோகிராமும், வெளுத்த இடத்தில் கண் சிமிட்டுகிற எச்சரிக்கையும் பெரும்பாலான கேமராக்களில் ஜேபெக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. அதனால் சடங்கு எடுக்கும்போது கேமராவின் படப்பாணியை "நியூட்ரல்" என்று சப்பென்று வைத்திருப்பேன். திரையில் பார்க்க அழகாக இருக்காது. பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிற மாமா, "என்னம்மா, வெளிறிப்போய் இருக்கிறதே" என்பார். இருக்கட்டும். ராவுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதற்கு அந்தச் சப்பையான திரைதான் கிட்டத்தட்ட சரியான சாட்சி.

ராவால் காப்பாற்ற முடியாத விஷயங்களில் தலையாயது மண்டபத்து ஊதா விளக்கு. மாலை விருந்துக்கு மண்டபத்தில் மேடை அலங்காரம் செய்பவர்களுக்கு எல்இடி கிடைத்ததிலிருந்து ஒரு வெறி பிடித்திருக்கிறது. ஊதா, நீலம், ரோஜா. அந்த விளக்குகள் குறுகலான ஒரு நிறத் துண்டை மட்டும்தான் வெளியிடுகின்றன; முகத்தின் மேல் சிவப்பும் பச்சையும் விழவே இல்லையென்றால் எந்தக் கோப்பு வகையும் அவற்றை உண்டாக்கித் தர முடியாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் மலிவு எல்இடிகள் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு இழுக்கும், அதற்கும் ரா மருந்து இல்லை. ஃபோகஸ் தப்பினால் தப்பியதுதான். அலங்காரக்காரரிடம் சண்டை போட்டு மேடையின் முன்பக்கத்து ஊதாவை அணைக்க வைப்பதுதான் ஒரே வழி. அந்தச் சண்டையை நான் எப்போதும் போடுவேன்.

அதை அணைத்த பிறகு மேடை என் ராஜ்யம். இரண்டு பக்கமும் குடை மாட்டிய ஃப்ளாஷ், எஃப்/8, ஐஎஸ்ஓ 400, ஒயிட் பேலன்ஸ் ஃப்ளாஷில் பூட்டப்பட்டிருக்கும். பெரியவரும் அம்மாளும் நடுவில், இரண்டு பக்கமும் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும். பரிசுப் பொட்டலம், கால் தொட்டு வணக்கம், ஒரு பார்வை, ஒரு க்ளிக், அடுத்த குடும்பம். முதல் படத்தில் வெளிச்சம் எப்படி இருந்ததோ கடைசிப் படத்திலும் அப்படியேதான் இருக்கும். இங்கே கேமரா எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாவற்றையும் வரிசை தொடங்குவதற்கு முன்பே நான் எடுத்துவிட்டேன். அப்புறம் எதைத் தள்ளிவைக்க ரா? நூற்றுக்கணக்கான ஒரே மாதிரிப் படங்களை ராவாக எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டு, திரும்ப ஜேபெக்காக்கி வெளியே எடுப்பதில் தம்பியின் கண்ணும் கரண்டும்தான் வீண். அந்த நேரத்தில் அவன் தீர்த்தப் படங்களில் வேட்டியின் மடிப்பை மீட்டுக்கொண்டிருக்கலாம். ஒருவர் கண் மூடியிருந்தால் மேடையிலேயே "இன்னொன்று" என்று கேட்டுவிடலாம். தீர்த்தத்தில் கேட்க முடியாதது இங்கே கேட்க முடிகிறது. எனக்கு ராவுக்கும் ஜேபெக்குக்கும் எல்லைக்கோடு இதுதான். வெளிச்சம் என் கையில் இருக்கிறதா, திரும்பக் கேட்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஜேபெக்.

பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு ரா எடுக்கிற ஸ்டுடியோக்காரர் யாராவது இருந்தால் அவரைப் பார்க்க எனக்கு ஆசை.

செய்திப் படக்காரர்கள் இதில் இன்னும் கறாரானவர்கள். 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் தன் சுயேச்சைப் புகைப்படக்காரர்களுக்கு, ராவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவிலேயே ஜேபெக்காகப் பிறந்த படங்கள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. வேகம் ஒரு காரணம். நடந்ததை நடந்தபடி காட்ட வேண்டும், உட்கார்ந்து மெருகேற்றக் கூடாது என்பது இன்னொரு காரணம். வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியோ எதிர்ப்பக்கம் நின்று அதே கவலையைப் படுகிறது. இறுதிச் சுற்றுகளுக்கு வந்தவர்களிடம் கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2015 போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஐந்தில் ஒரு பங்கை இப்படிப் பார்த்துத்தான் விலக்கினார்கள். ராய்ட்டர்ஸ் அறிவிப்பு வந்தபோது எங்கள் தொழிலில் பலர் கொதித்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கல்யாண வீட்டில் அம்மாளின் முகத்தில் ஒரு பருவை நான் துடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கலவரப் படத்தில் புகையைக் கொஞ்சம் கறுப்பாக்கினால் அது வேறு விஷயம்.

சடங்கின்போதும் ஜேபெக் எனக்கு உதவிக்கு இருக்கிறது. கேமராவில் இரண்டு கார்டு. ஒன்றில் ரா, மற்றதில் ஜேபெக். வெளியூரிலிருந்து வேன் எடுத்து வந்தவர்கள் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். "இப்போதே நாலு படம் கிடைக்குமா, தங்கைக்கு அனுப்ப வேண்டும், அவளால் சிங்கப்பூரிலிருந்து வர முடியவில்லை" என்பார்கள். ஜேபெக் கார்டிலிருந்து ஃபோனுக்கு மாற்றிக் கொடுத்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் என்றும் சொல்லிக் கொடுப்பேன். தங்கை வீட்டில் மல்லிகை மல்லிகையாகவே போய்ச் சேரும்.

மருமகன்களின் ஃபோன் ராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபோன் ஒரு முறை அமுக்கினால் உள்ளே அடுக்கடுக்காகப் பல படங்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சேர்த்து, இரைச்சலைத் தட்டி, வெளிச்சத்தைச் சமன்படுத்தித்தான் ஒரு ஜேபெக்கையோ, புது ஃபோன்களின் படக் கோப்பான ஹெய்க்கையோ தருகிறது. அந்தச் சின்ன சென்சாரின் சாமர்த்தியம் முழுவதும் அந்தச் சேர்க்கையில் இருக்கிறது. பல ஃபோன்களில் சாதாரண ரா என்று வைத்து எடுத்தால் இந்தச் சேர்க்கை எதுவும் இல்லாத ஒற்றைப் படம்தான் வரும். ஓமகுண்டத்து இருட்டில் அது ஜேபெக்கை விட மோசமாக இருக்கும். 2020 கடைசியில் ஆப்பிள் கொண்டுவந்த ப்ரோரா என்கிற ரா வகை, படங்களைச் சேர்த்து முடித்த பிறகு எழுதப்படுவதால் நன்றாக இருக்கிறது. ஆனால் 48 மெகாபிக்சலில் ஒரு படம் 75 எம்பி வரை போகும். அத்தை சாப்பிடுவதை அதில் எடுக்கிறவரை என்ன சொல்வது.

இடம் என்று வந்துவிட்டதால், ரா ஒவ்வொன்றும் என் கேமராவில் விவரம் இழக்காமல் சுருக்கிய பிறகும் 25 எம்பிக்கு மேல். ஆம், ராவையும் சுருக்கலாம். விவரம் இழக்காத சுருக்கம் ஒன்று, கொஞ்சம் இழக்கிற சுருக்கம் ஒன்று. சோனி கேமராக்களில் பல காலம் இரண்டாவது வகை மட்டும்தான் இருந்தது. கறுப்பு வானத்தில் நட்சத்திரக் கோடு எடுத்தவர்கள் கோட்டின் ஓரத்தில் பிசிறு தெரிகிறது என்று சத்தம் போட்ட பிறகு 2015இல் சுருக்காத ராவைக் கொடுத்தார்கள். ஆக, ரா என்றாலே எதுவும் போகாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மெனுவைத் திறந்து எந்த வகையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, எனக்கு வயிற்றைக் கலக்குகிற கேள்வி: "ரா எல்லாவற்றையும் எங்களிடம் கொடுத்துவிடுவீர்களா?"

கொடுப்பதில் எனக்குப் பொறாமை ஒன்றுமில்லை. கஷ்டம் வேறு. ரா என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வகை. ஒரே நிறுவனத்திலேயே கேமராவுக்குக் கேமரா மாறும். புதுக் கேமரா வாங்கினால் பழைய மென்பொருள் அதன் கோப்பைத் திறக்காது. 1997இல் டேவ் காஃபின் என்கிற ஒரு தனி மனிதர் இந்தத் தொல்லைக்காகவே "டிசிரா" என்று ஒரு நிரலை எழுதத் தொடங்கி, வருகிற கேமராவையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்து சேர்த்துக்கொண்டே போனார். இன்று இலவசமாகக் கிடைக்கும் பல ரா மென்பொருள்கள் அவர் போட்ட பாதையில் நடப்பவை. 2004இல் அடோபி, எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று டிஎன்ஜி என்ற வகையை வெளியிட்டது. பெரிய கேமரா நிறுவனங்கள் இன்னும் தங்கள் வழியிலேயேதான் போகின்றன. 1992இன் ஜேபெக்கோ டிவியில் திறக்கிறது, ஃபோனில் திறக்கிறது, அச்சுக்கடையில் திறக்கிறது, பேரனின் பேரன் வாங்கப் போகும் எதிலோ திறக்கவும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. திருத்தாத ரா பார்க்க நன்றாக இருக்காது. மென்பொருள் எதுவும் தொடாமல் திறந்தால் மங்கலாக, பச்சையோடி, மூக்கின் நிழலில் இரைச்சலோடு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஆல்பத்தில் ஒரு மாதிரி, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மாதிரி இருக்கிறதே" என்று சனிக்கிழமை மாலையில் போன் வரும். இல்லையென்றால் யாராவது தெரிந்த பையன் அதை எடுத்து, வேட்டியை நீலமாக்கி, முகத்தை ஆரஞ்சாக்கி, எங்கள் ஸ்டுடியோ பெயரைப் போட்டு முகநூலில் ஏற்றுவான்.

ஆகவே இப்போது முன்பண ரசீதின் பின்பக்கத்தில் தெளிவாக அச்சடித்துவிட்டேன். தேர்ந்தெடுத்து முடித்த படங்கள் அனைத்தும் முழு அளவு ஜேபெக்கில் தரப்படும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தீர்த்தமும் மாங்கல்யதாரணமும் மட்டும் வேண்டுமானால் ராவாகவும், கூடவே டிஎன்ஜியாக மாற்றியும் தரப்படும். அதற்குக் கட்டணம் உண்டு. மேடை வரிசைக்கு ரா கிடையாது. ஆல்பம் கைக்குப் போய் ஒரு வருடம் வரை ராக்கள் எங்களிடம் இருக்கும், அதன் பிறகு ஆல்பத்தில் ஏறிய படங்களின் ராக்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுவோம். ஹார்ட் டிஸ்க் நீங்கள்தான் வாங்கி வர வேண்டும். பென் டிரைவ் கொண்டுவந்து நீட்டாதீர்கள்.